சும்மா இருந்த கட்டைவிரல்

இன்பவல்லியின் வலது கையில் கட்டைவிரலுக்குத்தான் மிடுக்கு அதிகம். அவள் துப்பாக்கியைப் பிடித்ததுமே அது பிடியை நெரிக்கத் தொடங்கிவிடும். "நான் இல்லேன்னா இது கீழே விழுந்துடும்" என்று பீற்றிக்கொள்ளும்.

அன்றைய போட்டியில் இன்னும் ஒரு குண்டுதான் பாக்கி. நடுப்புள்ளியில் பட்டால் பதக்கம். முந்தைய மூன்றும் ஓரத்துக்கே போயிருந்தன.

துப்பாக்கிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நீங்க அழுத்துறப்பல்லாம் என் மூக்கு திரும்புது. என்னைத் தாங்கத் தோள் இருக்கு, இடது கை இருக்கு. நீங்க சும்மா சாய்ஞ்சு படுங்க, போதும்."

"சும்மாவா? நானா?"

விசைமேல் காத்திருந்த ஆள்காட்டி விரல் கெஞ்சியது. "இந்த ஒரு தடவை மட்டும், அண்ணே!"

கட்டைவிரல் முறைத்துக்கொண்டே பிடியின் பக்கவாட்டில் படுத்தது. அழுத்தத் துடித்தது. ஆனாலும் அழுத்தவில்லை.

டப்! நடுப்புள்ளியில் ஓட்டை.

கூட்டமே எழுந்து கைதட்டியது. இன்பவல்லி துப்பாக்கியை வைத்துவிட்டு வலது கையை உயர்த்தினாள். நான்கு விரல்களையும் மடக்கி, கட்டைவிரலை மட்டும் நிமிர்த்திக் காட்டினாள்.

"சுட்டது நான்" என்று மடங்கிக் கிடந்த ஆள்காட்டி விரல் முனகியது.

"யாரு வேணா சுடலாம்டா" என்றது கட்டைவிரல், உச்சியில் நின்றபடி. "சும்மா இருந்து பாரு, அப்பத் தெரியும்!"