வெறும் வயிற்று மாத்திரை

"யாருடி அவன்?"

வாயைத் துடைத்தபடி குளியலறையிலிருந்து வெளியே வந்த மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எவன்மா?"

"நடிக்காதே! தினமும் காலையில வாந்தி. மாசக்கணக்கா நீ நாப்கினே வாங்கலை. லேடி டாக்டர் கிளினிக்ல வருஷக்கணக்கா டோக்கன் கொடுக்கிறவ நான். என் காதுலயே பூ சுத்துறியா?"

பளாரென்று ஒரு அறை விழுந்தது. கல்யாணமாகாத பொண்ணு! இனி அம்மா எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வெளியே நடப்பாள்?

மகள் அழவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

அம்மாவுக்கு அதைப் படித்துப் பார்க்கவே தேவையில்லை. ஜிங்க், குரோமியம், செலினியம் எல்லாம் கலந்த மாத்திரை. கிளினிக்கில் அன்றாடம் அவள் கையால் எடுத்துக் கொடுப்பதுதான்.

"இது... நீர்க்கட்டி இருக்கிறவங்களுக்கு டாக்டரம்மா எழுதுறதாச்சே?"

"எனக்கும் அதேதாம்மா. அதான் மாசாமாசம் வரலை. ரத்தத்துல ஜிங்க்கும் குறைவாம்."

"அடிப்பாவி! சாப்பிட்டுட்டுப் போடணும்டி. வெறும் வயித்துல போட்டா குமட்டும்னு ஊருக்கெல்லாம் சொல்றேனே!"

"சாப்பிடுற இடத்துல நீ இருப்பியே. அதான் பாத்ரூம்ல ஒளிஞ்சு போட்டுக்கிட்டேன்."

மகளின் கன்னம் சிவந்திருந்தது. தொடப்போன அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"நம்ம டாக்டரம்மாகிட்டயே காட்டியிருக்கலாமேடி. நான் அங்கேதானே இருக்கேன்?"

"நீ இருக்கிறதாலதான் வரலை. நேத்து ராத்திரிகூட சாப்பிடும்போது என்ன சொன்னே? 'பேங்க்காரர் பொண்ணுக்கு நீர்க்கட்டியாம், மோவாயில முடி வேற, எவன் கட்டுவான்'னு. அப்பாவும் அண்ணனும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நான் கையால மோவாயை மறைச்சுக்கிட்டேன்."

அம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஆனாலும் பெற்ற வயிறு கேட்குமா? குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"நீ காட்டுற இடத்துல டோக்கன் கொடுக்கிறவ எப்படி? வெளியே சொல்லிட மாட்டாளே?"

மகள் மாத்திரை அட்டையைப் பைக்குள் போட்டாள்.

"நல்லவங்கதாம்மா. உன்னை மாதிரியே சிரிச்ச முகம். ஆனா அவங்க வீட்டுலயும் ராத்திரி எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்துதானே சாப்பிடுவாங்க?"