டிரம்ஸ் இல்லாத ஆல்பம்

எங்கள் திருக்கோகர்ணம் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் ராக் பேண்டுப் பையன்கள் புது ஆல்பம் போட்டிருக்கிறார்கள். போன ஆல்பத்துக்கு என் வீட்டு ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. இதில் ஆறு பாட்டு. ஒன்றில்கூட டிரம்ஸ் இல்லை. கேட்டால் தூக்கம் வருகிறது.

படியிறங்கி வந்த பாடகன் நிஸாரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னப்பா, புலி பூனையாயிருச்சு? ஊருக்குப் போன அஸ்வரு எங்க, டிரம்ஸ் அடிக்கிறத விட்டுட்டாப்லயா?"

"அஸ்வர் மவுத்துண்ணே" என்றவன், அதற்குமேல் நிற்காமல் போய்விட்டான்.

அடேங்கப்பா, அந்த முரட்டுக் கைக்கு மவுத் ஆர்கனா! சாயங்காலத்துக்குள் தெருவில் பத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். இந்த மாதிரி விஷயமெல்லாம் என் வயிற்றில் தங்காது.

மறுநாள் கோட்டைப்பட்டினத்திலிருந்து அஸ்வரின் அம்மா வந்திருந்தார். மாடியிலிருந்து அவனுடைய டிரம்ஸ் குச்சிகளோடு இறங்கினார்.

"குச்சிக்கு இனி வேலை இல்லைன்னு எடுத்துட்டுப் போறீங்களாக்கும்? ஒங்க மகன்தான் மவுத் ஆர்கனுக்கு மாறிட்டாப்லயே! ஒருநா இங்கிட்டு வந்து ஊதிக்காட்டச் சொல்லுங்கம்மா."

"யாருண்ணே சொன்னா?"

"நிஸார்தான். 'அஸ்வர் மவுத்'துன்னானே."

அந்த அம்மா குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஊதுறதுக்கு மூச்சு வேணும்லண்ணே. எங்க சனத்துல மௌத்துன்னா இறந்துபோறது. எம்புள்ள போயி நாப்பது நாளாச்சு. அவன் எடத்துல வேற ஆளை உக்கார வைக்க மனசு வரலைன்னுதான், இந்தப் பயலுக டிரம்ஸே இல்லாமப் பாடிருக்காங்க."