ஊருக்குப் போன வீடு

அழைப்பு மணி அடித்ததும் தையற்காரரின் மனைவி ஓடிப்போய் அடுப்பை அணைக்கிறாள். குக்கர் விசிலடிக்கத் தயாராக இருக்கிறது. அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கதவோரம் மூச்சை அடக்கி நிற்கிறார். விடுமுறைக்கு வெளியூர் போகிறோம் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. யாருக்கும் பரிசு வாங்க வேண்டாம், விருந்து வைக்க வேண்டாம். கையைக் கடிக்காமல் மாதத்தை ஓட்டிவிடலாம் என்று இருவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு. திரையின் இடுக்கில் நுழைந்த வெயில் தரையில் கோடாக விழுகிறது. அதை மிதித்தால்கூடச் சத்தம் கேட்டுவிடும் என்பதுபோல் அவர் காலை இழுத்துக்கொள்கிறார்.

“மாமாதான் ஊர்ல இல்லையே, எதுக்கும்மா மணி அடிக்கிறே?” வெளியே தங்கை மகளின் குரல்.

“திரும்பி வந்திருப்பாங்களோன்னு பார்த்தேன்டி. பாவம், கல்யாணமான நாள்லேருந்து மிஷினே கதின்னு கிடந்த மனுஷன். இப்பவாவது நல்லா சுத்திட்டு வரட்டும். அந்தத் தண்ணி பாட்டிலைக் கொடு. செடியெல்லாம் எப்படி வாடிக் கிடக்கு பாரு! அத்தைக்கு இதுங்க மேல உசிரு.”

அவர் கை தாழ்ப்பாளைத் தொடுகிறது. “திறந்து என்னன்னு சொல்லுவீங்க?” மனைவி காதோரம் கிசுகிசுக்கிறாள். கை அங்கேயே நிற்கிறது. தொட்டிகளில் வழிந்த தண்ணீர் கதவுக்கடியில் புகுந்து அவருடைய கால்விரல்களை நனைக்கிறது. செருப்புச் சத்தம் படியிறங்கி மெல்ல ஓய்கிறது.

“போயிட்டாங்க. ஃபேனைப் போடட்டுமா?”

கழுத்தில் வியர்வை வழிய, அந்த ஈரத்தில் நின்றபடியே, அவர் வேண்டாமென்று தலையாட்டுகிறார்.