ஆறு மில்லிமீட்டர்

"சார், இது சேராது. வேற ஸ்ட்ராப் பாருங்க."

வாட்ச் கடைக்காரர் மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டார். எதிரே நின்ற மேனேஜர் நகர்கிற வழியாக இல்லை.

எதிர்வரிசை வங்கியின் மேனேஜர் அவர். சட்டையில் ஒரு சுருக்கம் கண்டுபிடிக்க முடியாது. ஷூவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அப்பேர்ப்பட்ட மனுஷர், பெரிய டயல் வாட்ச் ஒன்றையும் பழைய ஒல்லி ஸ்ட்ராப் ஒன்றையும் கண்ணாடி மேஜை மேல் வைத்து, இதில் அதை மாட்டிக் கொடு என்று ஒற்றைக்காலில் நின்றால் கடைக்காரர் என்னதான் செய்வார்?

வாட்ச்சின் இரண்டு காதுகளுக்கு நடுவே, ஸ்ட்ராப் உட்கார வேண்டிய இடம், இருபத்திரண்டு மில்லிமீட்டர். ஸ்ட்ராப்பின் அகலமோ பதினாறுதான். மாட்டினால் பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் இளித்துக்கொண்டு நிற்கும். கையை ஆட்டினால் ஸ்ட்ராப், அதைக் கோத்திருக்கும் சின்னக் கம்பியில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடை பழகும்.

சரி, ஸ்ட்ராப்பாவது புதுசா? அதுவும் இல்லை. ஓரமெல்லாம் வெடித்து, உள்பக்கம் வியர்வை பட்டுக் கறுத்துப்போன தோல். மூன்றாவது ஓட்டை மட்டும் இழுபட்டு நீண்டிருந்தது. மேனேஜரின் மெலிந்த மணிக்கட்டில் அந்த ஓட்டையில் போட்டால் வளையல் மாதிரி தொளதொளக்கும். யாரோ வருஷக்கணக்கில் கட்டித் தேய்த்தது என்று கடைக்காரருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

'கஞ்ச மகாபிரபு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வாங்குகிற சம்பளத்துக்கு ஒரு புது ஸ்ட்ராப் வாங்க வக்கில்லை. யாரோ கழற்றிப் போட்டதைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

இருந்தாலும் கடையின் பெயர் என்று ஒன்று இருக்கிறதே. இழுப்பறையைத் திறந்து அதே காப்பித்தூள் நிறத்தில், அகலம் சரியாக உள்ள புது ஸ்ட்ராப் ஒன்றை எடுத்து வைத்தார். காசே வேண்டாம், தெரிந்தவருக்காகச் செய்ததாக இருக்கட்டும் என்றார்.

மேனேஜர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வேணாங்க. இதையே மாட்டுங்க."

"சார், நாலு பேர் வந்து போற இடத்துல உக்காந்திருக்கீங்க. இந்த வேலையை எவன் பார்த்தான்னு யாராச்சும் கேட்டா, என் பேரு இல்ல கெடும்?"

"உங்க பேரைச் சொல்லவே மாட்டேன். சாயங்காலம் நான் வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கிறப்போ இது என் கையில இருக்கணும். அவ்வளவுதான்."

கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரல். கடைக்காரர் தன் கணக்கைத் திருத்திக்கொண்டார். சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பவன் கஞ்சன் இல்லை. இது வீம்பு. வீட்டில் பெண்டாட்டியோடு ஏதோ சண்டை, அவளை வெறுப்பேற்றத்தான் இந்தக் கோலம். போகட்டும், நமக்கென்ன வந்தது என்று கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

வேலை என்று இறங்கிவிட்டால் அவருக்கு அரைகுறையாகச் செய்ய வராது. தீர்ந்துபோன பேனா ஒன்றின் ரீஃபிலை உருவி, பிளேடால் மூன்று மூன்று மில்லிமீட்டராக நாலு துண்டு நறுக்கினார். மார்க்கரால் அவற்றுக்குக் கறுப்பு பூசினார். கம்பியில் ஒரு துண்டு, நடுவில் ஸ்ட்ராப், மறுபடி ஒரு துண்டு என்று கோத்துக் காதுகளுக்குள் அழுத்தினார். இரண்டு பக்கமும் அப்படியே. இப்போது ஸ்ட்ராப் ஆடாமல் நடுவில் நின்றது. அழகாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் அசையாது.

மேனேஜர் கட்டிப் பார்த்தார். கடைசி ஓட்டையில் போட்டும் வாட்ச் மணிக்கட்டின் அடிப்பக்கத்துக்கு உருண்டு போனது.

"குடுங்க, இன்னும் ரெண்டு ஓட்டை உள்ளே தள்ளிப் போடறேன்" என்று கடைக்காரர் ஓட்டை போடும் ஊசியை எடுத்தார்.

மேனேஜர் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஓட்டை எல்லாம் வேணாம். இதுல எதையும் வெட்டாதீங்க, குத்தாதீங்க."

"நழுவி எங்கேயாச்சும் விழுந்துடும் சார்."

"விழாம பார்த்துக்கறேன்."

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. ஊசியை மேஜை மேல் போட்டார். "எந்த ராஜா வீட்டு ஸ்ட்ராப் சார் இது? அப்படி யாரோடதுதான்?"

மேனேஜர் ஸ்ட்ராப்பின் வெடித்த ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

"என் பொண்ணோட அப்பாவோடது."

கடைக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் முழிப்பதைப் பார்த்து மேனேஜரே சொன்னார்.

"அவர் தவறி அஞ்சு வருஷமாச்சு. அவ அம்மாவை நான் கட்டிக்கிட்டு மூணு வருஷம். இத்தனை நாள்ல அந்தப் பொண்ணு எனக்கு முகம் குடுத்து ஒரு வார்த்தை பேசினதில்லை. ஏதாவது வேணும்னாகூட அவ அம்மா மூலமாத்தான் வரும். நானும் வற்புறுத்தல."

கடைக்காரர் கண்ணில் இருந்த லென்ஸைக் கழற்றினார்.

"இன்னிக்குக் காலையில கிளம்பறப்போ என் ஸ்ட்ராப் அறுந்துபோச்சு. அவ பார்த்துக்கிட்டே இருந்தா. உள்ள போனா. பெட்டியில பத்திரமா வச்சிருக்கிற அவ அப்பா வாட்ச்லேர்ந்து இதைக் கழட்டி எடுத்துட்டு வந்து, 'இதைக் கட்டிக்கோங்க'ன்னு என் கையில வச்சா."

வாட்ச் மறுபடி உருண்டு போகாமல் இன்னொரு கையால் பொத்திக்கொண்டார் மேனேஜர்.

"சேராதுன்னு நான் எந்த வாயால சொல்றதுங்க?"