பல்லி சொன்னால் சரி

டீக்கடை டியூப்லைட்டுக்குப் பின்னால் இருந்த பல்லிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கீழே யார் அரசியல் பேசினாலும் அது "த்ச்சு த்ச்சு" என்னும். "பல்லியே சொல்லிடுச்சு, உண்மைதான்" என்று கேட்டவர்கள் ஊரெல்லாம் பரப்பக் கிளம்பிவிடுவார்கள்.

"ஆளுங்கட்சி கட்டின பாலம் இடிஞ்சிடுச்சுன்னு ஒருத்தன் சொன்னான், நீயும் ஆமான்னே. அது மேல இப்பவும் பஸ் போகுது," என்றது பக்கத்தில் வலை பின்னியிருந்த சிலந்தி. "அந்தக் கட்சிக்காரன் என்ன சொல்றான்னாவது கேட்டியா?"

"கேட்டுக்கிட்டு இருந்தா எதிர்ச்சுவர் பல்லி முந்திக்கும்."

அப்போது கடைக்காரர் மாசிலாமணி சலித்துக்கொண்டார்: "வியாபாரம் படுத்ததுக்கு இந்தப் பல்லிதான் காரணம். இதை அடிச்சாத்தான் கடை உருப்படும்."

யாரைச் சொல்கிறார் என்று யோசிப்பதற்குள் பல்லியின் வாய் முந்திக்கொண்டது: "த்ச்சு த்ச்சு."

"பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு" என்று மாசிலாமணி துடைப்பத்தை எடுத்தார்.