ஓரத்து மடிப்பு

அவள் இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, அவள் கையால் செய்த எதையும் மூத்தாளின் மகள் வாயில் வைத்ததில்லை. இன்று ஓவனிலிருந்து, மாவுக்குள் ஆப்பிளை வைத்து ஓரத்தை மடித்துச் சுட்ட 'ஆப்பிள் பை' பலகாரத்தை எடுத்து வைத்ததும், சிறுமி அதன் ஓரத்தையே உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, மடிப்பெல்லாம் இடது பக்கம் சாஞ்சிருக்கு. இது அம்மா செஞ்சது!"

அப்பாவின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. போய்ச் சேர்ந்தவளுக்கு இடதுகைப் பழக்கம்.

"உளறாம சாப்பிடு."

"அம்மாதான்ப்பா!" அழுதுகொண்டே தட்டை வழித்துச் சாப்பிட்டாள். "சித்தி, இன்னொரு துண்டு குடுங்க."

சித்தி இன்னொரு துண்டை வெட்டித் தட்டில் வைத்தாள். பிள்ளை ஒரு வாய் சாப்பிட்டால் போதும் என்று, யாருக்கும் தெரியாமல் இடது கையால் மடித்துப் பழகியவள் அவள்தான்.

மகளுக்காக அந்த அம்மாவின் கையை வரவழைத்தாயிற்று. ஆனால் புருஷனையும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவனுக்கான 'சிக்கன் பை'யை மட்டும் தன் வலது கையாலேயே மடித்திருந்தாள்.

உள்ளூர ஒரு சந்தோஷத்தோடு ஓவனைத் திறந்து அதையும் வெளியே எடுத்தாள்.

அதன் மடிப்புகளும் வரிசையாக இடது பக்கம் சாய்ந்திருந்தன.