கண்ணாடிக் கதவு

அலமாரி மறுபடியும் சந்துப் பக்கம் திரும்பியிருந்தது.

"எவனோ வேணும்னே செய்றான் சார்!" என்றாள் ஷெல்பி.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஊருக்காகச் செய்த அலமாரி அது. வரைந்தது, அறுத்தது, ஆணியடித்தது எல்லாம் பெரும்பாலும் ஷெல்பிதான். மெயின் ரோட்டைப் பார்த்தபடி ஒரு கம்பத்தில் ஏற்றி, கண்ணாடிக் கதவு போட்டு, மேலே சோலார் விளக்கும் வைத்தார்கள். உள்ளே பீன்ஸ், பீச் பழம், மீன், எல்லாம் டின்னில். தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு டின்னிலும் சிரிக்கிற சூரியன் ஸ்டிக்கர்: 'வெட்கம் வேண்டாம், எடுத்துக்கோங்க!'

மழை பொய்த்து, ஊரில் பாதிப் பேர் ஆடுகளை விற்றுவிட்ட வருஷம். ஆனாலும் எங்கள் ஊரில் 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்பதுதான் பதில். வீடு பற்றி எரிந்தாலும் அதேதான், கொஞ்சம் சத்தமாக வரும்.

அலமாரி ரோட்டைப் பார்த்திருந்தவரை ஒரு டின்கூட அசையவில்லை. சந்துப் பக்கம் திரும்பினால் ஒரே நாளில் காலி.

"திருட்டுப் பய, அதான் திருப்பி வெச்சுட்டுத் தூக்குறான்."

"இலவசமா வெச்சதை எப்படிம்மா திருடுறது?" என்றார் மரவேலை வாத்தியார் பெட்ராகிஸ் சார்.

"முகத்தைக் காட்டி எடுக்கட்டுமே சார். நிஜமாவே இல்லாதவங்களுக்கு என்ன வெட்கம்?"

அலமாரி ஒரு பள்ளிப் போட்டியில் இருக்கிறது; வெள்ளிக்கிழமை அதைப் பார்க்கச் சிட்னியிலிருந்து நடுவர்கள் வருகிறார்கள். ஜெயித்தால் ஷெல்பிக்கு அங்கே பெரிய பட்டறையில் பயிற்சி. அதற்காகத்தான் வருஷம் முழுக்க மரத்தூளைச் சுவாசித்திருக்கிறாள்.

எதிரே பேக்கரி. யார் வீட்டுப் பூனை குட்டி போட்டாலும் பேக்கரிக்கார நோலீனுக்கு முதலில் தெரியும்.

"யார் திருப்புறாங்கன்னு பாத்தீங்களா, நோலீன்?"

"நான் பாக்கலயே கண்ணு."

"நாள்பூரா எதிர்லதானே நிக்கிறீங்க?"

"நிக்கிறேன். பாக்கல. பன் சூடா இருக்கு, சாப்பிடுறியா?"

ஷெல்பி பன்னை வாங்கவில்லை. அலமாரியை ரோட்டுப் பக்கம் திருப்பி, மாவு காய்ந்து ஒட்டியிருந்த போல்ட்டுகளை ஸ்பேனரால் இறுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

சமையலறையில் அம்மா முதுகு காட்டி நின்றிருந்தாள். குழாயடியில் ஒரு டின். வெந்நீரில் நனைத்து நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பாதிச் சூரியன் போயிருந்தது. மீதிப் பாதி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

ஷெல்பி ஓசைப்படாமல் வாசலுக்குத் திரும்பினாள். கதவைப் படாரென்று சாத்திவிட்டு மறுபடி உள்ளே வந்தாள்.

"எப்படிம்மா இருக்கே?"

"பரவாயில்லடி."

டின்னைக் காணோம். ராத்திரி தட்டில் பீன்ஸ் இருந்தது.

வெள்ளிக்கிழமை நடுவர்கள் வந்தபோது அலமாரி சந்துப் பக்கம் பார்த்து நின்றது. கண்ணாடி இருந்த இடத்தில் பலகை. டின்களில் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. போல்ட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பேக்கரி மாவையும் யாரோ சுத்தமாகத் துடைத்திருந்தார்கள்.

பெட்ராகிஸ் சாருக்கு முகம் செத்துவிட்டது. "இன்னிக்குமா! யார் செஞ்சது இதை?"

எதிர்க்கடையிலிருந்து நோலீன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார், எதையோ ஒப்புக்கொள்ளப் போகிறவர் மாதிரி.

ஷெல்பி முந்திக்கொண்டாள். பின் பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருந்த ஸ்பேனரை உள்ளே தள்ளினாள்.

"நான் பாக்கல சார்."